சீல், கடற்பசு, திமிங்கிலம்: மூன்றுக்கும் ஒரே மூதாதையா?

கல்லடிப் பிள்ளை:
உயர்தரத்தில் கூர்ப்பு (பரிணாமம்) பகுதி படித்துக்கொண்டிருக்கிறேன். சீல், கடற்பசு, திமிங்கிலம் மூன்றுக்கும் முன்கால் துடுப்பாக இருக்கிறது. அப்படியென்றால் மூன்றும் ஒரே கடல் மிருகத்திலிருந்து பிரிந்தவையா? அப்புறம், எங்கள் கடற்கரையில் இவற்றின் உயிர்ச்சுவடு (பாறையில் பதிந்த பழைய எச்சம்) கிடைக்குமா?

இங்கினியாகலை ஆசிரியர்:
இல்லை மகள். தரையில் வாழ்ந்த மூன்று கூட்டங்கள் தனித்தனியாகக் கடலுக்குப் போயின. திமிங்கிலத்துக்கு நெருங்கிய உறவு நீர்யானை. கடற்பசுவுக்கு யானை. இங்குள்ள சேனாநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தில் யானைகள் தும்பிக்கையை மேலே தூக்கிக்கொண்டு தீவுக்குத் தீவு நீந்துவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெசோசைரன் ஞாபகம் வரும். ஜமெய்க்காவில் கிடைத்த, ஏறத்தாழ 5 கோடி ஆண்டு பழைய கடற்பசு இனம் அது. நான்கு காலாலும் தரையில் நடக்கக்கூடியது!

சீல் இவை இரண்டுக்கும் வெகுகாலம் பிந்தியது. அது ஊனுண்ணி; கரடியும் நீர்நாயும் அதன் சொந்தங்கள். 2007இல் கனடாவின் வடக்கே டெவோன் தீவில் உயிர்ச்சுவடு ஆய்வாளர் நட்டாலியா ரிப்சின்ஸ்கியின் குழுவுக்கு வண்டியில் எரிபொருள் தீர்ந்துபோனது. நின்ற இடத்தில் ஒரு எலும்பு தட்டுப்பட்டது. அதுதான் புய்ஜிலா, சீலின் பழைய உறவு. துடுப்பு இல்லை, நீளமான வால், விரலிடைச் சவ்வு கொண்ட கால்கள். கிடைத்த இடம் கடலடி அல்ல, பழைய ஏரிப் படிவு. தரை மிருகம் முதலில் ஆற்றிலும் ஏரியிலும் இரை தேடிப் பழகி, பிறகு கடலுக்குப் போயிருக்கலாம் என்று டார்வின் எழுதியிருந்தார். அதனால்தான் அதன் முழுப் பெயரை 'புய்ஜிலா டார்வினி' என்று வைத்தார்கள். இதை நீ கட்டாயம் படிக்க வேண்டும்.

பாசிக்குடா வாசகன்:
சேர் சொன்னது சரி. ஆனால் தங்கச்சி, புய்ஜிலாவை எல்லாச் சீலுக்கும் நேர் மூதாதை என்று விடைத்தாளில் எழுதிவிடாதீங்க. அமெரிக்காவின் பசிபிக் கரையில் கிடைத்த எனாலியார்க்டோஸ் என்ற பழைய சீல் உறவுக்கு ஏறத்தாழ அதே காலத்திலேயே துடுப்பு வந்துவிட்டது. புய்ஜிலா பழைய உடலமைப்பை விடாமல் வைத்திருந்த ஒரு பக்கக் கிளை.

கல்லடிப் பிள்ளை:
நன்றி அண்ணா. கடற்கரைக் கேள்வி?

இங்கினியாகலை ஆசிரியர்:
கல்லடியில் தேடிப் பலனில்லை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடியில் இருப்பது முலையூட்டிகள் தோன்றுவதற்கு மிக முந்திய உருமாறிய பாறை. மயோசீன் காலக் (ஏறத்தாழ 2.3 கோடி முதல் 50 லட்சம் ஆண்டு முன்பு வரை) கடற்படிவு பார்க்க யாழ்ப்பாணச் சுண்ணக்கல்லுக்குப் போகலாம். நம்மிலிருந்து தெற்கே யால பக்கம் மினிஹாகல்கந்தவிலும் உண்டு. அங்கேயும் சீலை எதிர்பார்க்காதே, சிப்பிச் சுவடுகளைப் பார். அது வனப் பூங்காவுக்குள் இருப்பதால் அனுமதி இல்லாமல் ஒரு கல்லும் எடுக்கக் கூடாது.