11ஆம் வகுப்பு முடியப் போகுது: காலேஜ் அப்ளிகேஷனில் எதை முதலில் தொடுவது?

வைகைக்கரை:

மகள் கலிஃபோர்னியாவில் பப்ளிக் ஸ்கூலில் 11ஆம் வகுப்பு. வெயிட் சேர்க்காத (கடினப் பாடத்துக்குக் கூடுதல் புள்ளி போடாத) ஜிபிஏ, அதாவது கிரேடு சராசரி, 3.9. இந்த மே மாதத்தோடு 6 ஏபி (காலேஜ் தரப் பாடங்களுக்கான) தேர்வு முடியும். காலேஜ் சேர்க்கைத் தேர்வான எஸ்ஏடியில் மார்ச்சில் 1480: ரீடிங் அண்ட் ரைட்டிங் 700, கணக்கு 780. பரதநாட்டியம், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் உதவி ஆசிரியை, ரோபாட்டிக்ஸ் குழு, நூலகத்தில் தன்னார்வம். மேஜர் (முதன்மைப் பாடம்) கம்ப்யூட்டர் சயின்ஸா பயோ எஞ்சினியரிங்கா என்று இன்னும் முடிவாகவில்லை. நாங்கள் ஹெச்-1பி வேலை விசா, அவள் அதைச் சார்ந்த ஹெச்-4 விசா.

யு.சி.க்கும் (கலிஃபோர்னியா மாநில அரசு யுனிவர்சிட்டி) போடணும், பெரிய பிரைவேட் காலேஜ் நாலைந்துக்கும் போடணும். யாரைக் கேட்டாலும் "கட்டுரையை ஆரம்பிங்க" என்கிறார்கள். கோடை விடுமுறைக்கு முன்னாடி நிஜமா செய்ய வேண்டியது என்ன? எஸ்ஏடி திரும்ப எழுதணுமா? ஏர்லி டெசிஷன் (கிடைத்தால் சேர்ந்தே தீருவோம் என்று ஒரே காலேஜுக்கு முன்கூட்டிப் போடுவது) போட்டால் வாய்ப்பு கூடும் என்பது எங்கள் கேஸுக்கும் பொருந்துமா?

திண்ணை:

கட்டுரை அவள் கையில் இருக்கிற வேலை, ஜூலையில் தொடங்கினாலும் போதும். அடுத்தவர் கையில் இருக்கிற வேலையை முதலில் முடிங்க. அதாவது பரிந்துரைக் கடிதம்.

பிரைவேட் காலேஜ்கள் பெரும்பாலும் கவுன்சிலர் (ஸ்கூல் வழிகாட்டி) கடிதம் ஒன்று, ஆசிரியர் கடிதம் இரண்டு கேட்கும். எம்ஐடி மாதிரி இடங்களில் ஒருவர் கணக்கோ அறிவியலோ எடுத்தவர், இன்னொருவர் ஆங்கிலமோ வரலாறோ எடுத்தவர் என்று பிரித்தே கேட்பாங்க. அந்த ஜோடியையே எல்லா இடத்துக்கும் வெச்சுக்கலாம். இருவரும் 11ஆம் வகுப்பில் பாடம் எடுத்தவங்களா இருந்தால் நல்லது. 9ஆம் வகுப்பு ஆசிரியருக்குத் தெரிந்தது 14 வயசுப் பிள்ளையைத்தான். வருஷத்துக்கு இத்தனை கடிதம்தான் என்று வரம்பு வெச்சிருக்கிற ஆசிரியர்கள் நிறைய. செப்டம்பரில் போய் நின்றால் இடம் இருக்காது. மே மாதம், நேரில், அவளே கேட்கணும். அம்மா அப்பா மெயில் போடுவது எடுபடாது.

சரி என்று சொன்னதும் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கட்டும். சாதனைப் பட்டியல் வேண்டாம், அது ஏற்கெனவே படிவத்தில் இருக்கு. அந்த வகுப்பில் நடந்த இரண்டு மூன்று விஷயம் போதும்: எந்த லேப் சொதப்பி மறுபடி செய்தாள், எந்தக் கட்டுரையை மூன்று தடவை திருத்தினாள், யாருக்கு மதிய இடைவேளையில் சொல்லிக்கொடுத்தாள். ஆசிரியருக்கு 100 பிள்ளைகளுக்கு மேல் இருக்கும். நினைவூட்டாவிட்டால் "கடின உழைப்பாளி, நல்ல பெண்" என்ற கடிதம்தான் வரும். அது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும், அதனால் யாருக்கும் உதவாது.

பல காலேஜுக்கும் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப்பில் ஒரு வரிசை உண்டு. முதலில் காலேஜ் ஒன்றையாவது பட்டியலில் சேர்க்கணும், அடுத்து ஃபெர்பா (மாணவர் ஆவணங்களைப் பார்க்கும் உரிமைச் சட்டம்) பகுதியில் கையெழுத்து, அதுக்குப் பிறகுதான் ஆசிரியருக்கு அழைப்பு அனுப்ப முடியும். ஃபெர்பாவில் "கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுத்தருகிறேன்" என்பதைத் தேர்வு செய்யட்டும். பிள்ளை படிக்கப் போகிறது என்று தெரிந்து எழுதின கடிதத்துக்கு மதிப்பு குறைவு. ஸ்கூல் நேவியன்ஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினால் அழைப்பு அது வழியாகத்தான் போகும், கவுன்சிலரிடம் கேட்டுக்குங்க.

அடுத்தது ஆக்டிவிட்டீஸ் பட்டியல். கட்டுரைக்கு மூன்று மாசம் செலவழித்துவிட்டு இதைக் கடைசி ராத்திரி நிரப்புகிறவர்கள்தான் அதிகம். மொத்தம் 10 இடம். பொறுப்பின் பெயருக்கு 50 எழுத்து, அமைப்பின் பெயருக்கு 100, விவரத்துக்கு 150. இடைவெளி, கமா எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. 150 எழுத்தில் முழு வாக்கியத்துக்கே இடமில்லை, துண்டு துண்டாக எழுதணும்.

பரதநாட்டியத்தையே எடுங்க. வழக்கமா எழுதுவது: "9 வருடமாக நடனம் கற்கிறேன், பல மேடைகளில் ஆடியிருக்கிறேன், ஒழுக்கமும் அர்ப்பணிப்பும் கற்றேன்." இதில் படிக்கிறவருக்குப் புதுசா ஒன்றுமே தெரியாது. "2 மணி நேரத் தனி அரங்கேற்றம், 8 உருப்படி, 12 சிறுமியருக்கு வாரம் ஒரு அடவு வகுப்பு, ஒரு ஜதிக்குச் சொல்கட்டு சொந்தமாக" என்றால் நீளம், எண்ணிக்கை, பொறுப்பு, சொந்தச் சரக்கு நாலும் வந்துவிட்டது. (எண்கள் உதாரணத்துக்கு. அவளுடைய உண்மையான எண்ணை மட்டும் போடுங்க.) "கற்றேன், உணர்ந்தேன், வளர்ந்தேன்" எதுவும் இந்தக் கட்டத்தில் வேண்டாம், அதுக்குக் கட்டுரை இருக்கு.

ஒவ்வொன்றுக்கும் வாரத்துக்கு எத்தனை மணி, வருஷத்துக்கு எத்தனை வாரம் என்று கேட்பாங்க. இங்கேதான் பலர் மாட்டிக்கிறாங்க. பத்தையும் கூட்டினால் ஸ்கூல் நேரம் போக வாரம் 50 மணி வரும். ஏபி வீட்டுப்பாடமும் செய்து, தூங்கவும் செய்த பிள்ளைக்கு அது நடக்காத கணக்கு. சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்க. பத்தையும் நிரப்பியே ஆகணும் என்று விதி இல்லை, ஏழு கனமானது போதும்.

யு.சி. படிவம் வேறு ஜாதி. அங்கே 20 இடம், விவரத்துக்கு 350 எழுத்து. காமன் ஆப் வரியை வெட்டி ஒட்டினால் பாதி இடம் வெறுமையா நிற்கும். கட்டுரையும் அப்படித்தான்: 8 கேள்வியில் 4 தேர்வு செய்து, ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள். காமன் ஆப் 650 சொல் கட்டுரையை நறுக்கிப் போட்டால் படிக்கிறவருக்கு உடனே தெரியும். யு.சி. கேட்பது நேரடிப் பதில். வர்ணனையோடு தொடங்குகிற கட்டுரை அங்கே சொல்லை வீணாக்கும்.

கணக்குப்புள்ள:

எஸ்ஏடி பற்றி. யு.சி. சேர்க்கைக்கு மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை, அனுப்பினாலும் பார்க்க மாட்டாங்க. எம்ஐடி, ஹார்வர்டு, கால்டெக், டார்ட்மத், பிரவுன் கட்டாயம் கேட்கிறாங்க. யேலில் எஸ்ஏடிக்குப் பதிலாக ஏபி மதிப்பெண்ணும் கொடுக்கலாம். விதி வருஷா வருஷம் மாறுது, ஆகஸ்டில் ஒவ்வொரு காலேஜ் பக்கத்திலும் மறுபடி பாருங்க.

உங்கள் பெண் ஆகஸ்டில் ஒரு தடவை எழுதலாம். கணக்கு 780ஐத் தொட வேண்டாம். நிறைய பிரைவேட் காலேஜ்கள் இரண்டு தேர்விலும் உள்ள சிறந்த பகுதிகளைச் சேர்த்து எடுத்துக்கும், அதனால் ரீடிங் அண்ட் ரைட்டிங் 700ஐ மட்டும் தூக்கினால் போதும். அந்தப் பகுதி இரண்டு மாட்யூல், ஒவ்வொன்றிலும் 27 கேள்வி, 32 நிமிஷம். கேள்விகள் வகைவாரியாக ஒரே வரிசையில் வரும்: முதலில் சொற்பொருள், பிறகு பத்தி வாசிப்பு, கடைசியில் இலக்கணமும் இணைப்புச் சொல்லும், கொடுத்த குறிப்புகளை வைத்துக் கேட்கும் கேள்விகளும். நேரம் போதாமல் கைவிடுவது இந்தக் கடைசிப் பகுதியைத்தான். ஆனால் விதி தெரிந்தால் அரை நிமிஷத்தில் முடியக்கூடியதும் அதுதான். வரிசையை மாற்றி, இலக்கணத்தை முதலில் முடித்துவிட்டுத் திரும்பி வரப் பழக்குங்க.

முதல் மாட்யூலில் எப்படிச் செய்தாள் என்பதைப் பொறுத்துத்தான் இரண்டாவது கடினமா எளிதா என்று அமையும். எளிதானது வந்துவிட்டால் மேல் மதிப்பெண்ணுக்குக் கதவு சாத்தியாச்சு. அதனால் முதல் மாட்யூலில் அவசரப்பட்டு விடுகிற சின்னத் தப்புக்கு விலை அதிகம். பயிற்சிக்கு ப்ளூபுக் செயலியில் உள்ள முழுத் தேர்வுகளையே எழுதட்டும். காகிதத்தில் பழகினால் இந்த நடை வராது. பே ஏரியா பக்கம் இடம் சீக்கிரம் தீரும், பதிவு திறந்ததும் போடுங்க.

பணம் விஷயத்துக்கு வருவோம். ஹெச்-4 பிள்ளைக்கு ஃபெடரல் உதவி கிடையாது, அதனால் அதுக்கான படிவமான ஃபாஃப்சா வழியாக எதுவும் வராது. காலேஜின் சொந்த உதவி வேணும்னால் பெரும்பாலும் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற படிவம், அது அக்டோபர் 1 திறக்கும். உதவி விஷயத்தில் ஹெச்-4ஐ இன்டர்நேஷனல் மாணவராகவே வைக்கிற காலேஜ்கள் நிறைய. அப்படி வைக்கிற பல இடங்களில் உதவி கேட்டாலே சேர்க்கை முடிவில் அது எடையாகும். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, டார்ட்மத், ஆம்ஹர்ஸ்ட், போடின் ஆகியவை இன்டர்நேஷனல் மாணவருக்கும் பணத்தைப் பார்க்காமல் முடிவெடுக்கிறவை.

இதனால் ஏர்லி டெசிஷனில் ஒரு குழி. அது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். பிள்ளை, பெற்றோர், கவுன்சிலர் மூவரும் கையெழுத்திடணும். கிடைத்தால் போயே ஆகணும், கொடுக்கிற உதவி போதாது என்றால்தான் விலகலாம். காலேஜ் தளத்தில் இருக்கிற நெட் பிரைஸ் கால்குலேட்டர் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு உள்ள குடும்பத்துக்காகப் போட்ட கணக்கு. ஹெச்-4க்கு அந்தத் தொகையை நம்பி ஒப்பந்தம் போடாதீங்க. நிதி அலுவலகத்துக்கு மெயிலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்க. முழுக் கட்டணம் கட்ட முடியும் என்றால் மட்டும் ஏர்லி டெசிஷன் உங்களுக்கு லாபம்.

யு.சி. கட்டணத்துக்கு நல்ல செய்தி உண்டு. ஹெச்-1பி, ஹெச்-4 குடும்பங்கள் கலிஃபோர்னியா ரெசிடென்டாக, அதாவது மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணத்துக்கு, தகுதி பெறலாம். வகுப்பு தொடங்கும் முன் 366 நாள் இருந்ததுக்கு ஆதாரம் வேணும். இடம் கிடைத்த பிறகு ரெசிடென்ஸ் படிவம் வரும், வரிக் கணக்கும் ஓட்டுநர் உரிமமும் ஒழுங்கா இருக்கட்டும். 21 வயசு முடிந்தால் ஹெச்-4 போய்விடும் என்பதையும் கணக்கில் வெச்சுக்குங்க. மாணவர் விசாவான எஃப்-1க்கு மாற மாசக்கணக்கில் ஆகலாம்.

நிலாச்சோறு:

மேலே சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். முழுக் கட்டணம் கட்ட முடிந்தாலும் ஏர்லி டெசிஷன் எல்லாருக்கும் லாபம் என்று எடுக்க முடியாது. முன்கூட்டிப் போடுகிறவர்களில் காலேஜ் விளையாட்டு அணிக்காக ஏற்கெனவே பேசிவைத்த பிள்ளைகளும் இருப்பாங்க, அவங்களும் சேர்ந்துதான் இடம் கிடைக்கிற சதவீதம் உயர்கிறது. அவள் முதல் ஆசை எது என்று தயங்காமல் சொல்ல முடிந்தால் போடுங்க, இல்லாட்டி வேண்டாம். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டில் இருப்பது வேறு வகை: கட்டுப்பாடு இல்லை, ஆனால் அதே சமயம் வேறு பிரைவேட் காலேஜுக்கு ஏர்லியில் போடக் கூடாது. பப்ளிக் யுனிவர்சிட்டிக்குப் போடலாம்.

மேஜர் விஷயத்தை கோடைக்குள் முடிவு பண்ணுங்க, ஏனென்றால் பட்டியலே அதைப் பொறுத்து மாறும். கம்ப்யூட்டர் சயின்ஸுக்குச் சில இடங்களில் நேரடியாக அந்தத் துறைக்குள்ளேயே தேர்வாகணும். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் யுனிவர்சிட்டி ஓர் உதாரணம். "முதலில் வேறு மேஜரில் நுழைஞ்சு அப்புறம் மாறிக்கலாம்" என்பது அங்கே ஏறத்தாழ நடக்காது. யு.சி. வளாகங்களிலும் இதே நெருக்கடி. பயோ எஞ்சினியரிங் உண்மையான ஆசை என்றால் தைரியமா அதையே போடட்டும். ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குள் நுழையக் கதவு என்று நினைத்துப் போட்டால் நாலு வருஷம் அதையே படிக்க வேண்டியிருக்கும்.

காலேஜ் பட்டியல் போடும்போது ஒவ்வொன்றுக்கும் காமன் டேட்டா செட் என்ற ஆவணத்தைத் தேடுங்க. அதில் சி7 அட்டவணை: மதிப்பெண், கட்டுரை, கடிதம், நேர்காணல், அந்தக் காலேஜ் மேல் ஆர்வம் காட்டியது எல்லாவற்றையும் "மிக முக்கியம்" முதல் "பார்ப்பதில்லை" வரை அவங்களே குறித்திருப்பாங்க. "ஆர்வம்" பார்ப்பதில்லை என்று போட்ட காலேஜுக்கு விமான டிக்கெட் எடுத்து வளாகம் சுற்றுவது வெறும் சுற்றுலா. சி9இல் சேர்ந்தவர்களின் எஸ்ஏடி வரம்பு இருக்கும். எஸ்ஏடி கட்டாயம் இல்லாத இடத்தில் அவள் மதிப்பெண் அந்த வரம்பின் கீழ் எல்லைக்கும் கீழே இருந்தால் அனுப்பாமல் விடுங்க.

யு.சி. ஜிபிஏவும் ஸ்கூல் காட்டுகிற ஜிபிஏவும் ஒன்று இல்லை. 9ஆம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து 11ஆம் வகுப்பு முடிந்த கோடை வரை உள்ள ஏ-ஜி பாடங்கள் (யு.சி. கேட்கிற பாடப் பட்டியல்) மட்டும். ஏபி மாதிரிப் பாடங்களுக்கான கூடுதல் புள்ளி அதிகபட்சம் 8 செமஸ்டருக்கு, அதில் 10ஆம் வகுப்பிலிருந்து 4க்கு மேல் சேராது. அந்தக் கணக்கை இப்போதே போட்டுப் பாருங்க.

வைகைக்கரை:

ரொம்ப நன்றி. இன்னும் ஒன்று: எல்லாம் தயாரான பிறகு அனுப்பும்போது எங்கே தவறு நடக்கும்?

திண்ணை:

மூன்று இடத்தில். காமன் ஆப்பில் சில காலேஜுக்குப் பொதுப் பகுதி ஒரு முறை, அந்தக் காலேஜின் சொந்தக் கேள்விகளுக்கான சப்ளிமென்ட் தனியா இன்னொரு முறை அனுப்பணும். பணம் கட்டியதும் முடிந்தது என்று மூடிவிடுவாங்க, ஆனால் அதுக்குப் பிறகும் கையெழுத்துப் பக்கம் இருக்கும். இரண்டாவது, பிடிஎஃப் முன்னோட்டத்தை ஒவ்வொரு காலேஜுக்கும் தனித்தனியாத் திறந்து படிக்கணும். ஒரு காலேஜ் கட்டுரையில் இன்னொரு காலேஜ் பெயர் நிற்பது அங்கேதான் கண்ணில் படும். மூன்றாவது நேரம்: காமன் ஆப் கெடு பிள்ளை இருக்கிற ஊர் நேரப்படி இரவு 11:59, யு.சி.க்கு பசிஃபிக் நேரம். யு.சி. கடைசி நாள் நவம்பர் 30, வார இறுதியில் விழுந்தால் ஓரிரு நாள் தள்ளும். அக்டோபர் 1 முதலே அனுப்பலாம் என்பதால் கடைசி வாரத்துக்கு விட வேண்டாம்.

யு.சி.யில் பாடம், கிரேடு எல்லாம் அவளே தட்டச்சு செய்வது. டிரான்ஸ்கிரிப்ட் பின்னால்தான் கேட்பாங்க. அதனால் நினைவிலிருந்து எழுதாமல் டிரான்ஸ்கிரிப்ட் நகலைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி சரிபாருங்க. ஒரு செமஸ்டரில் வாங்கிய 'பி' கிரேடு 'ஏ' என்று பதிவானால்கூடக் கிடைத்த இடம் பறிபோகலாம்.

அனுப்பிய சில நாளில் ஒவ்வொரு காலேஜும் போர்ட்டல் கணக்கு திறக்கச் சொல்லி மெயில் போடும். ஸ்பேம் பெட்டியையும் பாருங்க. எந்தக் கடிதம் வந்தது, எது வரவில்லை என்று அந்தப் பட்டியலில்தான் தெரியும். ஸ்கூல் மெயில் முகவரியைக் கொடுத்திருந்தால் படிப்பு முடிந்ததும் அது பூட்டப்படலாம், சொந்த முகவரியே கொடுங்க.