ஏசிஎல் ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மாசம், தொடை இன்னும் சூம்பியே இருக்கு. கபடி ஆடலாமா?

ரெய்டர்_தஞ்சை:
வலது முட்டில ஏசிஎல் (முட்டிக்குள்ள எலும்புகளை இணைக்குற நார்) கட், ஹாம்ஸ்ட்ரிங்ல, அதான் தொடையோட பின் தசைல இருந்து கிராஃப்ட் (மாத்து நார்) எடுத்து வச்சாங்க. ஆறு மாசம் தாண்டிடுச்சு, வலி இல்ல, வீக்கம் இல்ல, ஜாகிங் போறேன். ஆனா அந்தத் தொடை மட்டும் இன்னும் சூம்பிப் போய் தான் இருக்கு. அடுத்த மாசம் டோர்னமென்ட், டீம்ல கூப்பிடுறாங்க. இறங்கலாமா?

பழைய_கேட்சர்:
தாராளமா இறங்கு தம்பி. வலியும் வீக்கமும் இல்லன்னா முட்டி ரெடி, சதை ஆட ஆட தானா ஏறும். அமெரிக்கன் ஃபுட்பால்ல ஏட்ரியன் பீட்டர்சனுக்கு 2011 டிசம்பர்ல முட்டி போச்சு, 2012 செப்டம்பர்ல வந்து அந்த சீசன்ல 2,097 யார்டு ஓடி எம்விபி (சீசனோட சிறந்த ஆட்டக்காரர் விருது) வாங்குனாரு. பயந்து உக்காந்திருந்தா நடந்திருக்குமா?

பிசியோ_நெல்லை:
அண்ணாச்சி, அவருக்கே எட்டு மாசத்துக்கு மேல ஆச்சு. எல்லாருக்கும் அப்படி அமையாது, ஃபுட்பால் நெய்மருக்கு 2023 அக்டோபர்ல ஏசிஎல் போனது, 2024 அக்டோபர்ல தான் திரும்ப கிரவுண்டுக்கு வந்தாரு.

ஆட ஆட ஏறும்ங்கறத நான் ஒத்துக்கவே மாட்டேன். முட்டில அடிபட்டு வீங்குனதும் தொடை முன் தசைக்கு நரம்பு வழியா போற சிக்னலே குறைஞ்சிடும், நாம முழு பலத்தோட இறுக்குறதா நினைப்போம் ஆனா தசைல ஒரு பகுதி வேலைக்கே வராது, அப்ப ஓடும்போதும் குதிக்கும்போதும் இடுப்பும் நல்ல காலும் சேர்ந்து பாரத்தை வாங்கிக்கும், குவாட்ஸ் (அந்த முன் தசை) அப்படியே கிடக்கும். அதைத் தனியா எழுப்பித்தான் ஆகணும்.

2016ல வந்த டெலவர்-ஆஸ்லோ ஆய்வப் பாருங்க, 106 பேர். பலம், ஹாப் டெஸ்ட் (ஒத்தக் கால்ல தாண்டிப் பாக்குறது) எல்லாம் பாஸ் பண்ணாம ஆடப் போனவங்கள்ல 38.2% பேருக்கு மறுபடி முட்டி அடிபட்டிருக்கு, பாஸ் பண்ணவங்கள்ல 5.6% தான். ஒன்பது மாசம் வரைக்கும் தள்ளிப்போடுற ஒவ்வொரு மாசத்துக்கும் ரிஸ்க் கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சிருக்கு.

பழைய_கேட்சர்:
ஆய்வெல்லாம் சரி, பலம் அளக்குற மெஷின் எங்க ஊர்ப் பக்கம் எங்கப்பா இருக்கு? லெக் எக்ஸ்டென்ஷன் (உக்காந்து வெயிட்டோட கால நீட்டுறது) போட்டா கிராஃப்ட் லூஸ் ஆகிடும்னும் சொல்றாங்க. ஸ்குவாட் போட்டா போதாதா?

பிசியோ_நெல்லை:
பெரிய மெஷின் வேணாம். ஜிம்ல இருக்குற லெக் எக்ஸ்டென்ஷன்லயே ஒத்தக் காலா எவ்ளோ வெயிட் தூக்க முடியுதுன்னு ரெண்டு காலையும் பிசியோ முன்னாடி பாத்துக்கலாம், ஆபரேஷன் பண்ண கால் நல்ல கால்ல 90% வரணும். நல்ல காலும் இத்தனை மாசத்துல பலம் குறைஞ்சிருக்கும், அதனால 90 வந்தாலும் அதோட நிறுத்தக் கூடாது.

கால முழுசா நீட்டுற கடைசிக் கட்டத்துல தான் முட்டிக்குக் கீழ உள்ள எலும்பு முன்னால இழுபட்டு கிராஃப்ட் மேல லோடு வரும். அதனால தான் ஆரம்பத்துல முட்டிய 90 டிகிரி மடக்குனதுல இருந்து 45 வரைக்கும் மட்டும் செய்யச் சொல்றோம், அப்புறம் படிப்படியா கூட்டுவோம். சுத்தமா விட்டுட்டு ஸ்குவாட் மட்டும் போட்டா உடம்பு தெரியாமலே நல்ல கால் பக்கம் சாஞ்சிடும்.

கோல்கீப்பர்_அக்கா:
தம்பி, ஹாப் டெஸ்ட்ல ரெண்டு காலும் ஒரே தூரம் தாண்டுதுன்னு சந்தோஷப்பட்டுடாத, இடுப்பாலயும் கணுக்காலாலயும் தூரத்தைக் கொண்டு வந்துடலாம், முட்டி அப்பவும் சும்மா இருக்கும். உனக்கு ஹாம்ஸ்ட்ரிங்ல கிராஃப்ட் எடுத்திருக்காங்க, அந்தத் தசை தான் எலும்பு முன்னால போகாம பின்னால இருந்து புடிக்குது, அதையும் அளக்கச் சொல்லு. கபடில கால யாராவது புடிச்சு இழுக்கும்போது திமிறணுமே, அங்க ஜாகிங் பலம் உதவாது.

பழைய_கேட்சர்:
சரிம்மா, அளந்து பாக்கட்டும். ஆனா ஒன்பது மாசம் மேட் பக்கமே விடாம வச்சா பயலுக்கு மனசுல பயம் ஏறிடும், அதுக்கு என்ன மருந்து? நான் பாத்திருக்கேன், கால் நல்லா இருந்தும் ரெய்டு போகத் தயங்குவானுங்க.

பிசியோ_நெல்லை:
அது நியாயம் அண்ணாச்சி. அதுக்குத்தான் சர்ஜன் ஓகே சொன்னதும் ஆள் மேல படாம ஃபுட்வொர்க், திரும்புறது, நிக்கிறதுன்னு மேட்லயே பழக விடுறது. டோர்னமென்ட் வேற.

ரெய்டர்_தஞ்சை:
இந்த வாரமே டெஸ்ட் போட்டுட்டு நம்பர் போடுறேன். 80க்கு கீழ வந்தா டீம்ல வேற ரெய்டர் பாக்கச் சொல்லிடுறேன்.

பழைய_கேட்சர்:
85 வந்தா என்ன பண்ணுவ? அதையும் இப்பவே முடிவு பண்ணு.

பிசியோ_நெல்லை:
85 வந்தாலும் இந்த டோர்னமென்ட் வேணாம் தம்பி, ஒன்பது மாசமும் ஆகல.