கையில் பிடித்தால் வருகிறது, ஏறினால் உறைந்து நிற்கிறது

காரைக்குடி பக்கம், பள்ளத்தூர். மார்வாரி இனப் பெண்குதிரை, 7 வயது, வாங்கி 8 மாதம். வீட்டு வளவுக்குள் ஏறினால் சாதுவாக நடக்கும். ஊருணிக் கரைக்குப் போனதும் தலையைத் தூக்கி, மூக்கை விடைத்து, அப்படியே நின்றுவிடும். பின்னால் பைக் வந்தால் வீட்டுக்கே திரும்பி ஓடும். 2 மாதம் முன்பு அப்படித்தான் என்னைக் கீழே தள்ளியது.

கால்நடை மருத்துவர் பல், முதுகு, குளம்பு எல்லாம் பார்த்துவிட்டார், வலி இல்லை. சேணமும் சரியாகவே உட்காருகிறது.

6 வாரமாகத் தினமும் 20 நிமிடம் தரைப் பயிற்சி, அதாவது ஏறாமல் கீழே நின்றபடி பழக்குவது. முதலில் நீளக் கயிற்றில் வட்டமாக ஓடவிட்டேன். ஓட ஓடப் பதற்றம்தான் கூடியது, விட்டுவிட்டேன். அப்புறம் கயிற்றை லேசாக இழுத்து, தலையைத் தாழ்த்திய நொடியே தளர்த்துவது, இரண்டடி பின்னால் நடக்கவைப்பது, பின்னங்காலை விலக்கவைப்பது. இது நன்றாகக் கைகொடுத்தது. தார்ப்பாய் மேல்கூட நடக்கிறது. கையில் பிடித்துப் போனால் ஊருணிக் கரையில் நிம்மதியாகப் புல் மேய்கிறது, பார்க்கவே அவ்வளவு சந்தோஷம்.

போன வாரம் அதே இடத்தில் ஏறினேன். பழையபடி உறைந்துவிட்டது. முரட்டுக் குதிரை இல்லை, பயம்தான்.

தரையில் வந்த தைரியம் முதுகில் ஆள் இருக்கும்போதும் நிலைக்க, நடுவில் என்ன பயிற்சி சேர்க்க வேண்டும்?