ஹிஸ்டெரிசிஸ்: தயக்கமா, விட்டுப்பிடிப்பா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

நான்கு நாளாக ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். வீட்டு மாடித் தொட்டிக்கு நானே எழுதி ஓட்டிக்கொண்டிருக்கும் மோட்டார் நிரலைத் தமிழாக்குகிறேன். நிரலை ஓட்டும் இஎஸ்பி32 என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்று, சின்டெக்ஸ் மூடியில் மட்டம் அளக்க ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், கைபேசியில் ஒரு அமைப்புப் பக்கம், அவ்வளவுதான். மட்டம், மேல் வரம்பு, காத்திருப்பு நேரம், தண்ணீரில்லா ஓட்டக் காப்பு என்று எல்லாவற்றுக்கும் சொல் வந்துவிட்டது. மோட்டார் நிற்கும் மட்டத்துக்கும் மறுபடி ஓடும் மட்டத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று கேட்கும் ஹிஸ்டெரிசிஸ் என்ற பெட்டி மட்டும் பெயரில்லாமல் கிடக்கிறது.

பாடநூலைத் திறந்தால் விடை தயார்: தயக்கம். காந்தத் தயக்கம், தயக்கக் கண்ணி என்றுதான் பள்ளியில் படித்தோம். சரி, அதையே போட்டுவிடலாம் என்று போட்டேன். அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "மோட்டாரு எதுக்குத் தயங்குது, காயில் போயிருச்சா?" என்று கேட்டார்.

இந்தப் பெட்டி எதற்கு என்று தெரியாதவர்களுக்காக என் கூத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் பதிப்பில் ஒரே வரம்புதான் வைத்திருந்தேன். 90 சதவீதத்தைத் தொட்டால் மோட்டார் நிற்க வேண்டும், குறைந்தால் ஓட வேண்டும். குழாயிலிருந்து தண்ணீர் விழும்போது தொட்டிக்குள் அலையடிக்கும். சென்சார் காட்டும் அளவு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலும் கீழும் குதிக்கும். ஒரு சாயங்காலம் தொட்டி நிறையும் நேரம், மாடிப்படிக்கு அடியில், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டர் டக், டக், டக் என்று அடிக்க ஆரம்பித்தது. 90, 89, 90, 89. நேரடி ஸ்டார்ட்டரில் போர் மோட்டார் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஓடும் மின்னோட்டத்தைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும் என்பது அந்த நேரம் பார்த்துத்தான் நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் மெயினை இறக்கினேன்.

மறுநாள் ஒண்டிப்புதூர் பக்கம் வைண்டிங் கடை வைத்திருக்கும் அண்ணன் வந்தார். கான்டாக்டரைக் கழற்றி, கருகிப்போன பாயின்ட்டை நகத்தால் சுரண்டிக் காட்டினார். நிரலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் நடந்ததைச் சொன்னதும் ஒரே வரியில் முடித்தார்: "ரொம்புனா உட்ருங்க. கொறைஞ்ச ஒடனே புடிக்காதீங்க. உட்டுப் புடிக்கோணும்." அன்றைக்கே 90-ல் நிறுத்தம், 60-ல் தொடக்கம் என்று மாற்றினேன். அதற்குப் பிறகு டக் டக் இல்லை.

ஹிஸ்டெரிசிஸ் என்றால் எனக்கு அந்த வரிதான். அதனால் என் முன்மொழிவு: விட்டுப்பிடிப்பு.

தயக்கத்தில் எனக்குள்ள மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். திரையில் இதற்கு நேர் கீழே 'காத்திருப்பு நேரம்' இருக்கிறது. தயக்கம், காத்திருப்பு இரண்டும் அடுத்தடுத்து வந்தால் இரண்டுமே விநாடிக் கணக்கு என்றுதான் யாரும் நினைப்பார்கள். இது விநாடிக் கணக்கே இல்லை. தாமதம் என்றால், பொறுமையாகப் போனால் மறைந்துவிட வேண்டும். இரும்பில் காந்தப்புலத்தை எவ்வளவு மெதுவாக ஏற்றி இறக்கினாலும், ஏறிய கோட்டில் அது இறங்குவதில்லை; இரண்டு கோடும் சேர்ந்து அடைக்கும் வளையம்தான் கண்ணி. புலத்தைச் சுழியாக்கிய பிறகும் கொஞ்சம் காந்தம் தங்கி நிற்கும். அதைப் போக்க எதிர்ப்பக்கமாகத் தள்ள வேண்டும். இப்போது எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தால் மட்டும் போதாது, எந்தப் பக்கமிருந்து வந்தோம் என்றும் தெரிய வேண்டும். தொட்டியிலும் அதே கதை. மட்டம் 75. மோட்டார் ஓடுகிறதா? நிறைந்து இறங்கி வரும் 75 என்றால் இல்லை. காலியாகி ஏறி வரும் 75 என்றால் ஆமாம்.

சொல்லின் மூலத்திலேயே கோளாறு இருக்கிறது என்பேன். இதை வைத்தவர் ஜேம்ஸ் ஆல்ஃபிரட் யூயிங் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1880களின் தொடக்கத்தில், டோக்கியோவில் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலத்தில், பிந்துதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். நம்மவர்கள் அதை நேர்மையாகத் தமிழில் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஒர்க்‌ஷாப் கம்பிரசரின் பிரஷர் சுவிட்ச், வீட்டு ஃபிரிட்ஜ், ஸ்டெபிலைசர் எல்லாவற்றிலும் இதே விட்டுப்பிடிப்புத்தான். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வழியாகப் பேருந்தில் போகும்போது வெயிலும் நிழலும் மாறி மாறி அடிக்கும். கைபேசித் திரையின் வெளிச்சம் விட்டுப்பிடிக்காமல் அதற்கெல்லாம் கூடவே மின்னிக்கொண்டிருந்தால் எப்படியிருக்கும்?

கருத்துகளை எழுதுங்கள்.

சூலூரிலிருந்து

—

ஈரோட்டிலிருந்து:

> தயக்கத்தில் எனக்குள்ள மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன்.

தம்பி, முப்பது வருடம் மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் எடுத்தவன் நான். இந்தச் சொல்லுக்காகச் சண்டைக்கு வர எனக்கு உரிமை உண்டு.

தயக்கத்தைக் காலத் தாமதம் என்று மட்டும் ஏன் பார்க்க வேண்டும்? இரும்புக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். உள்ளே சின்னச் சின்னக் காந்தக் களங்கள், அவற்றுக்கு இடையே சுவர்கள். புலத்தைக் கூட்டினால் சுவர் நகரப் பார்க்கும். வழியில் ஒரு மாசு, படிகத்தில் ஒரு குறை இருந்தால் அங்கே சிக்கி நிற்கும். இன்னும் கூட்டினால் ஒரே தாவாகத் தாவும். 1919-ல் பார்க்ஹவுசன் இந்தத் தாவல்களைக் கம்பிச்சுருளில் பிடித்து, ஒலியாகவே கேட்டார். சிக்கி நின்று, மனம் வராமல் நின்று, பிறகு தாவுவதற்குத் தமிழில் தயக்கம் என்பதைவிட நல்ல சொல் எங்கே இருக்கிறது? கிணற்று மேட்டில் நிற்கும் பையன் குதிக்குமுன் என்ன செய்வான் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. சேலத்தில் 1916-லேயே ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொற்களுக்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். கோவையிலிருந்து கலைக்கதிர் என்ற அறிவியல் இதழ் வந்துகொண்டிருந்த காலத்தில் அதில் ஒரு சொல்லைப் படித்து, மறுநாள் வகுப்பில் சொல்லிப்பார்த்தவர்கள் நாங்கள். பிள்ளைகள் பரீட்சையில் எழுதிப் பழகிய சொல்லை எடுத்துவிட்டு, வைண்டிங் கடையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால் திருத்துகிறவர் மதிப்பெண் போடுவாரா? விட்டுப்பிடிப்பு காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மின்மாற்றியில் தயக்க இழப்பு என்பதற்குப் பதில் 'விட்டுப்பிடிப்பு இழப்பு' என்று எழுதிப் பாருங்கள். யார் எதை விட்டார், யார் பிடித்தார்?

—

பல்லடத்திலிருந்து:

சாரும் அண்ணனும் கோபித்துக்கொள்ளாமல் இருந்தால் மூன்றாவதாக ஒன்று. மறுதடம். நம் பக்கம் வழியைத் தடம் என்றுதானே சொல்கிறோம். போன தடத்தில் திரும்பாமல் வேறு தடத்தில் திரும்புவது மறுதடம். மறுதடக் கண்ணி, மறுதட இழப்பு என்று நீட்டிக்கொண்டு போகலாம்.

இழப்பை விளக்க, மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்க எங்கள் அப்பாரு ஓட்டிய கவலையைச் சொல்வேன். மாடு சரிவில் இறங்கும்போது சால் நிறையத் தண்ணீரோடு கயிறு விண்ணென்று இழுக்கும். பின்னோக்கி மேலேறும்போது சால் வெறுமனே கிணற்றுக்குள் இறங்கும். கயிறு தொய்வாக இருக்கும். மாடு நடந்த தூரம் ஒன்றுதான், இழுப்புத்தான் இரண்டு விதம். இழுப்பையும் தூரத்தையும் தாளில் வரைந்தால் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவே அடைபடும் பரப்புத்தான் ஒரு நடைக்கு மாடு செய்த வேலை. இரும்பிலும் கண்ணிக்குள் அடைபடும் பரப்புத்தான் ஒரு சுற்றுக்குச் செலவாகும் ஆற்றல். கவலையில் அது தண்ணீராக மேலே வருகிறது. மோட்டாரில் வெறும் சூடாகப் போகிறது, அதுவும் விநாடிக்கு 50 சுற்று.

முரண்டு என்றும் ஒன்று தோன்றியது. நின்றால் கிளம்பாது, கிளம்பினால் நிற்காது. மாடு வைத்திருந்தவர்களுக்கு உடனே புரியும். மற்றவர்கள் முரண்பாடு என்று படித்துவிடுவார்கள் என்பதால் நானே கைவிட்டுவிட்டேன்.

—

கோவையிலிருந்து:

மூவரும் சொல்லையே பார்க்கிறீர்கள், எண்ணை யாரும் பார்க்கவில்லை. வீட்டுக் கருவிகளை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளில் வரம்புச் சென்சார் ஒன்றை உருவாக்கி, வரம்பு 30, ஹிஸ்டெரிசிஸ் 2 என்று கொடுங்கள். 32-க்கு மேலே போனால்தான் ஆன் ஆகும், 28-க்குக் கீழே வந்தால்தான் ஆஃப் ஆகும். நடுவில் இருக்கும் தூரம் 4. ஆனால் இப்படி இரண்டு வரம்பு வைத்து ஆன், ஆஃப் ஆகும் 7414 சில்லின் தரவுத்தாளில் ஏறும் வரம்பு சுமார் 1.7 வோல்ட், இறங்கும் வரம்பு சுமார் 0.9 வோல்ட், ஹிஸ்டெரிசிஸ் 0.8. அங்கே முழுத் தூரத்தையே சொல்கிறார்கள். ஒரே சொல், ஓரிடத்தில் பாதி, ஓரிடத்தில் முழுசு. என்ன பெயர் வைத்தாலும், அண்ணா, அது எதைக் குறிக்கிறது என்று முடிவு செய்துவிட்டு வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கான்டாக்டர் மறுபடியும் பேச ஆரம்பித்துவிடும்.

—

சூலூரிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. ஈரோட்டு ஐயாவுக்கு முதலில் பதில். சுவர் சிக்கி நின்று தாவுவதைப் படித்ததும் பாதிச் சண்டை போய்விட்டது. இதுவரை கண்ணியின் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு தயக்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். இரும்புக்குள் பார்த்தால் அது தயங்கத்தான் செய்கிறது. இயற்பியலில் தயக்கம் இருக்கட்டும், தயக்க இழப்பும் இருக்கட்டும். மோட்டார் உள்ளகத்தின் ஸ்டாம்பிங் தகட்டுக்கு சிலிக்கான் கலந்த எஃகை எடுப்பது தயக்கக் கண்ணியை ஒடுக்கவும் சுழல் மின்னோட்டத்தைக் குறைக்கவும்தான் என்று எழுதினால் யாருக்கும் இடறாது.

ஆனால் தொட்டியில் எதுவும் தயங்கவில்லையே ஐயா. அங்கே சிக்கிக்கொண்ட சுவர் ஏதும் இல்லை. நான்தான் வேண்டுமென்றே இரண்டு எண்ணை வைத்து, நடுவில் விட்டுவிட்டுப் பிறகு பிடிக்கிறேன். 1934-ல் மாணவராக இருந்த ஓட்டோ ஷ்மிட் தன் ஷ்மிட் டிரிகர் மின்சுற்றில் செய்ததும், இன்று நம் ஆட்கள் 555 டைமர் சில்லில் மின்னழுத்தத்தின் மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு என்று செய்வதும் அதுதான். பொருளுக்குள் தானாக நடப்பது ஒன்று, நாம் திட்டமிட்டு வைப்பது இன்னொன்று. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால் நாமும் ஒரே பெயர்தான் வைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மறுதடம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. கவலையை இனி எங்கே பார்த்தாலும் அந்தப் பரப்புத்தான் கண்ணுக்குத் தெரியும். கட்டுரை எழுதும்போது 'மறுதடத்தில் திரும்புகிறது' என்று நிச்சயம் எழுதுவேன். திரையில் போட மட்டும் மனம் வரவில்லை. 'மறுதடம்: 30' என்று பார்த்தால் ஏதோ பேருந்து எண்போல இருக்கிறது.

எண் விஷயத்தில் கோவைத் தம்பி சொன்னதுதான் உண்மையிலேயே உதைக்கிற இடம். நான் முழுத் தூரம் என்று வைத்துக்கொள்கிறேன். விட்ட இடத்திலிருந்து பிடிக்கிற இடம்வரை. விட்டுப்பிடிப்பு என்ற சொல்லும் அதைத்தானே சொல்கிறது. பாதியில் விட்டு யாரும் பிடிப்பதில்லை. பாதி அளவைக் கேட்கிற நிரல்களைத் தமிழாக்குகிறவர்கள் 'விட்டுப்பிடிப்பு, இருபுறமும்' என்று போடலாம்.

நேற்று ராத்திரி திரையை மாற்றிவிட்டேன். 'விட்டுப்பிடிப்பு: 30%' என்று ஒரு பெட்டி, அதன் கீழே சின்ன எழுத்தில் '90-ல் நிற்கும், 60-ல் ஓடும்'. காலையில் எழுந்து பார்த்தால் அம்மா அதை 50 ஆக்கி வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "ஒரு நாளைக்கு ஒருக்கா ஓடுனாப் போதும், இன்னுங் கொஞ்சம் உட்டே புடிக்கட்டும்" என்றார். சின்ன எழுத்து '90-ல் நிற்கும், 40-ல் ஓடும்' என்று சரியாகவே மாறியிருந்தது.