பேஸ் ஃப்ளோ: அடிப்படைப் பாய்வா, ஊற்றோட்டமா?

குழுவினருக்கு வணக்கம். நம் நீரியல் கலைச்சொல் பட்டியலில் இப்படி ஒரு பதிவு இருக்கிறது:

> பேஸ் ஃப்ளோ – அடிப்படைப் பாய்வு. ஆற்றில் ஆண்டு முழுதும் ஓடும் குறைந்தபட்ச நீர்.

இதில் சொல்லும் இடிக்கிறது, விளக்கமும் இடிக்கிறது. 'பேஸ்' என்று கண்டதும் 'அடிப்படை' என்று கை தானாக எழுதிவிடுகிறது. அடிப்படைச் சம்பளம், அடிப்படை உரிமை, கூடவே இதுவும். கடலூர்க்காரனிடம் 'ஆண்டு முழுதும் ஓடும்' என்று சொன்னால் சிரிப்பான். நந்திமலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரியிலும் சாத்தனூரிலும் அணைகளில் தேங்கி, திருக்கோவிலூர், சொர்ணாவூர் அணைக்கட்டுகளில் வாய்க்கால்களுக்குப் பங்கு கொடுத்துவிட்டு எங்களிடம் வருகிறது தென்பெண்ணை. ஃபெஞ்சல் புயல் மழையில், 2024 டிசம்பர் 2 அன்று, சாத்தனூரிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்டார்கள். இங்கே கரையோரக் குடியிருப்புகளுக்குள் தண்ணீர் புகுந்தது. சித்திரையில் அதே ஆற்றில் மணலும் நாணலும்தான்.

பேஸ் ஃப்ளோ என்பது அளவைக் குறிக்கும் பெயரே அல்ல, நீர் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லும் பெயர். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றுமட்டம் உயர்ந்து நிற்கும்போது ஆறு இரு கரை நிலத்துக்கும் நீரைக் கொடுக்கிறது. வெள்ளம் வடிந்து மட்டம் இறங்கியதும், நிலம் அதையும், தனக்குள் இறங்கிய மழைநீரையும் ஆற்றுக்கே தருகிறது. தை, மாசியில் மழையே இல்லாமல் கணுக்கால் அளவு ஓடுகிறதே, அதில் நிலம் தந்தது எவ்வளவோ அதுதான் பேஸ் ஃப்ளோ. அணையில் திறந்துவிட்டது அந்தக் கணக்கில் வராது. ஆற்றில் ஓடும் நீரின் அளவு நாளுக்கு நாள் மாறுவதைக் காட்டும் நீரோட்ட வரைபடத்தில் வெள்ளக் கூம்புக்குப் பின்னால் நீண்டு இழுத்துக்கொண்டு போகும் வால் பெரும்பாலும் இதனால் வருவது. நிலத்தடி நீர்மட்டம் ஆற்றுப்படுகைக்குக் கீழே போய்விட்டால் அதுவும் நின்றுவிடும்.

ஆகவே 'ஊற்றோட்டம்' என்று வைக்கலாம். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பழம்பாட்டிலேயே 'ஊற்றுப்பெருக்கு' இருக்கிறது. ஆனால் நம் காலத்தில் 'பெருக்கு' என்றால் வெள்ளம் நினைவுக்கு வருவதால் 'ஓட்டம்' போதும். ஊற்றோட்டக் காலம், ஊற்றோட்ட விகிதம் என்று நீட்டவும் வசதி.

அண்டர் ஃப்ளோவையும் இதே சொல்லில் அடைக்கக் கூடாது. ஆறு மேலே காய்ந்து கிடக்க, மணலுக்குள்ளேயே கடலை நோக்கி நகரும் நீர் அது. நாளுக்குச் சில அடி நகர்ந்தாலே அதிகம். ஆற்றுக்குள் இறக்கிய குடிநீர்க் கிணறுகள் பிழைப்பது அதனால்தான். மணலை அள்ளினால் அந்த நீர் தங்குவதற்கு இடமே இல்லாமல் போகிறது. முகத்துவாரப் பக்கம் உப்பும் ஏறுகிறது. இதற்கு 'மணலோட்டம்' எப்படி?

அன்புடன்,
கடலூரிலிருந்து

---

ஐயா, வணக்கம்.

ஊற்றோட்டத்தில் எனக்கு ஒரு தயக்கம். பாகூர்ப் பக்கம் ஊற்று என்றால் கையால் தோண்டி எடுப்பது. அது ஊறும், ஓடாது. 'கசிவோட்டம்' என்றால் பிழையில்லாமல் இருக்குமே? சொர்ணாவூரிலிருந்து பாகூர் ஏரிக்கு வரும் பங்காரு வாய்க்காலில், வாய்க்கால் தொடங்கும் தலைப்பில் நீர்வரத்து நின்ற பிறகும் பக்கத்து வயல்களிலிருந்து இறங்கும் கொஞ்சத்தைக் கசிவு என்றுதான் சொல்வோம்.

'மணலோட்டம்' வேண்டவே வேண்டாம். படிப்பவர்கள் மணல்தான் ஓடுகிறது என்று நினைப்பார்கள். வெள்ளத்தில் மணல் நகர்வதற்கு ஒரு சொல் நாளைக்கே தேவைப்படும், அப்போது கையைப் பிசைவோம்.

பாகூரிலிருந்து

---

மணலோட்டம் பற்றி நீங்கள் சொன்னது சரி ஐயா. அந்தச் சொல்லை மணல் நகர்வுக்கே விட்டுவிடுவோம். இதற்கு 'மணலடி நீரோட்டம்'. கொஞ்சம் நீளம்தான், ஆனால் குழப்பாது.

கசிவை மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அணைக் கசிவு, வாய்க்கால் கசிவு என்று வீணாகிப் போகும் நீருக்கு அது பொறியாளர் வாயில் பழகிவிட்டது. இங்கே நீர் வீணாகவில்லை, ஆற்றுக்கு வந்து சேர்கிறது. ஊற்று ஓடாது என்கிறீர்கள். ஊற்றுக்கால் என்று ஆற்று மணலில் தலைப்பு வெட்டிப் பாசனத்துக்கு இழுத்துப் போனது நம் வட மாவட்டங்களில்தானே? பாலாற்றுக்காரர்கள் யாராவது குழுவில் இருந்தால் சொல்லட்டும்.

மறுப்பு வராவிட்டால் பட்டியலில் இப்படி மாற்றிவிடலாம்:

பேஸ் ஃப்ளோ – ஊற்றோட்டம். மழை ஓய்ந்தபின்னும் நிலத்தடியிலிருந்து ஆற்றுக்கு வந்து சேரும் நீர். பருவ ஆறுகளில் கோடையில் நின்றுபோகலாம்.

அண்டர் ஃப்ளோ – மணலடி நீரோட்டம். ஆற்றுப்படுகை மணலுக்குள் நகரும் நீர்.