வேலை நேரத்தில் தேவ பிரசன்னத்தைக் கவனிப்பது: ஆன்மச் சோதனை எப்படிச் செய்வது?

கடுகுவிதை:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். காலையில் தனி ஜெபம், வேத வாசிப்பு இரண்டும் தவறுவதில்லை. ஆனால் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு இறங்கினால், ராத்திரி படுக்கும்வரை தேவனுடைய நினைவே வருவதில்லை. 'ஆன்மச் சோதனை' செய்து பாருங்கள் என்று கத்தோலிக்க நண்பர்கள் சொல்கிறார்கள். அது பாவசங்கீர்த்தனத்துக்குத் தயாராவதுதானே? சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவர்கள் செய்யலாமா? எவ்வளவு நேரம், என்ன வரிசை?

ஆறுமணிச்செபம்:
சகோதரரே, பாவசங்கீர்த்தனத்துக்கு முன் செய்வது வேறு, இது வேறு. இது அன்றைய நாளைக் கடவுளோடு திரும்பிப் பார்க்கிற ஜெபம். இது இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் வகுத்த ஆன்மிகப் பயிற்சிகளில் வருகிறது. 1548-ல் பாப்பரசர் மூன்றாம் பவுல் அதற்கு ஒப்புதல் தந்தார். இயேசு சபையினர் நண்பகலிலும் இரவிலுமாக நாளுக்கு இரண்டு முறை செய்வார்கள். உங்களுக்கு இப்போதைக்கு இரவில் 15 நிமிடம் போதும். எந்தச் சபையாரும் செய்யலாம்.

வரிசை இது: முதலில் நன்றி. அடுத்து, இன்றைய நாளைச் சரியாகப் பார்க்க ஒளி கேட்பது. பிறகு எழுந்தது முதல் மணிக்கு மணி திரும்பிப் பார்ப்பது. அதன்பின் மன்னிப்பு. கடைசியாக நாளைக்கு ஒரே ஒரு தீர்மானம். நன்றியில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. குற்றத்தில் தொடங்கினால் மனசு தற்காப்புக்குப் போய்விடும், பிறகு எதையும் நேராகப் பார்க்காது. "ஆரோக்கியத்துக்காக நன்றி" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னாலும் பயனில்லை. இன்றைக்கு நடந்ததாக மூன்று சொல்லுங்கள்.

பாதி நேரம் மூன்றாம் படிக்கே போகட்டும். சம்பவத்தைவிட அதில் மனசு எப்படி அசைந்தது என்று பாருங்கள். கேஸ் தீர்ந்து சமையல் பாதியில் நின்றது, எதிர்வீட்டு அம்மா கேட்காமலே ஒரு கிண்ணம் சாம்பார் கொடுத்தார்கள் என்று வையுங்கள். "கடவுள் உதவினார், நன்றி" என்று ஓடிவிட வேண்டாம். கிண்ணத்தை வாங்கும்போது கூச்சமாக இருந்ததா? 'அவங்க வீட்டுக்கு நாம இதுவரை ஒண்ணும் கொடுத்ததில்லையே' என்று உள்ளே சுருக்கென்றதா? அந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள், அதைப் பற்றியே கடவுளிடம் பேசுங்கள். நாளைய தீர்மானமும் அங்கிருந்தே வந்துவிடும்: கிண்ணத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுப்பதில்லை.

படுத்துக்கொண்டு செய்யாதீர்கள், இரண்டாம் படிக்குள் தூங்கிவிடுவீர்கள். சாப்பாட்டுக்கு முன்பே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து முடித்துவிடுவது நல்லது.

பழைய உபதேசியார்:
தம்பி, இதற்கு வேதத்திலேயே ஆதாரம் இருக்கிறது. ஆதியாகமம் 28-ல் யாக்கோபு தூங்கி எழுந்த பிறகுதான் கர்த்தர் அந்த ஸ்தலத்தில் இருந்ததை அறிந்தான். லூக்கா 24-ல் எம்மாவுக்குப் போன இருவரும் அப்படித்தான். வழியெல்லாம் இருதயம் கொழுந்துவிட்டு எரிந்தும், கூட நடந்த இயேசு மறைந்த பின்புதான் அதைப் பேசிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் உணரவில்லை என்பதால் அவர் இல்லை என்று ஆகாது.

பகலுக்கும் ஒரு வழி வேண்டும். தானியேல் நாளுக்கு மூன்று வேளை முழங்காற்படியிட்டார் (தானியேல் 6:10). கத்தோலிக்கரின் மூவேளைச் செபமும் காலை, நண்பகல், மாலை மணியோடு வருவது. போனில் அலாரம் வைக்கலாமே என்பீர்கள். சில நாளில் மனசுக்குத் தெரியாமலே விரல் அதை நிறுத்திவிடும். கை ஏற்கெனவே செய்கிற ஒரு வேலையோடு கட்டுங்கள். உங்களுக்குக் கதவுதான் சரி. பூட்டில் சாவி திரும்பும்போது, "ஆண்டவரே, கூட வாரும்." அவ்வளவே. அது பழகும்வரை இரண்டாவதைச் சேர்க்க வேண்டாம். ஒரே நாளில் ஐந்து வேலைகளோடு கட்டினால் ஐந்தும் அறுந்துபோகும்.

17-ம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடத்தில் சகோதரர் லாரன்ஸ் சமையலறையில் இப்படித்தான் பழகினார். சட்டியில் முட்டையைத் திருப்பிப் போடுவதைக்கூட தேவ அன்புக்காகச் செய்தார். அவருக்கே முதல் பத்து வருஷம் பெரும் போராட்டமாக இருந்தது. இரண்டே வாரத்தில் நமக்குக் கைகூடவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

அணையாவிளக்கு:
இரண்டு எச்சரிக்கை சொல்ல வேண்டும், அண்ணா.

ஒன்று, பிரசன்னத்தைக் கவனிப்பதும் அடையாளம் தேடுவதும் ஒன்றல்ல. சிக்னல் பச்சையானது, வாக்குத்தத்த அட்டையில் இந்த வசனம் வந்தது என்று ஒவ்வொன்றிலும் உத்தரவு படிக்க ஆரம்பித்தால், சிவப்பு விழுகிற அன்றைக்கு விசுவாசம் ஆடும். எலியா தீர்க்கதரிசிக்குக் காற்றிலும் பூமியதிர்ச்சியிலும் அக்கினியிலும் கர்த்தர் இல்லை. பிறகு மெல்லிய சத்தம் வந்தது. எது அன்பையும் பொறுமையையும் கூட்டுகிறது, எது பதற்றத்தைக் கூட்டுகிறது என்று பாருங்கள்.

இரண்டு, வறட்சி. பல நாள் ஒன்றுமே தோன்றாது. அப்போது முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே, ஜெப நேரத்தைக் குறைக்காதே, கொஞ்சம் கூட்டு என்பது இஞ்ஞாசியாரின் ஆலோசனை. 15 நிமிடம் என்றால் 16-வது நிமிடமும் உட்காருங்கள்.

ஆனால் சின்னப் பிழையைக்கூட நாள் முழுக்க மென்றுகொண்டிருக்கிற சுபாவம் உள்ளவர்கள் திரும்பிப் பார்க்கும் நேரத்தை 5 நிமிடமாகச் சுருக்கி, நன்றியை நீட்டுவது நல்லது. 1522-ல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இஞ்ஞாசியாரே அந்தக் குற்ற உணர்வில் சிக்கித் தவித்தார். தூக்கம் கெடுகிற அளவுக்குப் போனால் போதகரிடம் பேசுங்கள், மருத்துவரையும் பாருங்கள்.

கடுகுவிதை:
மிக்க நன்றி. கதவில் இருந்தே தொடங்குகிறேன். குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளோடு செய்யலாமா?

ஆறுமணிச்செபம்:
செய்யலாம், ஆனால் ஐந்து படியும் வேண்டாம். "இன்னைக்கு எது சந்தோஷமா இருந்தது? எது கஷ்டமா இருந்தது?" இரண்டே கேள்வி, ஆளுக்கு ஒரு நிமிடம். முதலில் அப்பா அம்மா சொல்லுங்கள். பிள்ளை சொன்ன கஷ்டத்துக்கு அங்கேயே புத்திமதி சொல்லாதீர்கள், அதையே ஒரு வரி ஜெபமாக்கிவிடுங்கள். புத்திமதி சொன்னால் மறுநாள் "ஒண்ணுமில்லை" என்று நிறுத்திவிடுவார்கள். தப்புகளை எல்லார் முன்னாலும் சொல்ல வைக்கவே கூடாது.