புதுப்பிப்பு: பாட்டியின் வெள்ளிக் கரண்டிகள்

பாட்டி விட்டுச்சென்ற ஆறு வெள்ளிக் கரண்டிகளும் ஒரு கிண்ணமும் கரியாகக் கறுத்துவிட்டன, தேய்த்தால் கெட்டுவிடுமா என்று முன்பு கேட்டிருந்தேன். நேற்று முடித்துவிட்டேன்.

அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் வெந்நீரும் சமையல் சோடாவும் ஊற்றி, கரண்டிகள் தாளைத் தொடும்படி வைத்தேன். கறுப்பு என்பது வெள்ளி சல்பைடுதான், அதாவது வெள்ளியும் கந்தகமும் சேர்ந்தது. அலுமினியம் அதை மறுபடி வெள்ளியாக மாற்றிவிடுகிறது. பாலிஷ் போட்டுத் தேய்த்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெள்ளி போய்விடும்.

கிண்ணத்தை முக்கவில்லை. அதன் பூவேலைக்குள் இருக்கும் கறுப்புதான் அழகே. மென்துணியால் மேடுகளை மட்டும் துடைத்தேன்.

அப்புறம், ஒரு கரண்டிக்கு வலது ஓரம் மட்டும் சரிந்து தேய்ந்திருந்தது. அடிபட்டது என்றே நினைத்திருந்தேன். அம்மா கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். “பாட்டிக்கு இடது கைப் பழக்கம்டா. அவங்க வழிச்சு வழிச்சுத் தேஞ்சது இது. நம்ம கைக்கு இடது ஓரம்தான் தேயும்” என்றார். பாட்டி இறந்தபோது எனக்கு நான்கு வயது. அவர் இடது கைக்காரர் என்பதே எனக்குத் தெரியாது.

அந்த ஓரத்தைச் சரிசெய்யக் கொடுக்கலாம் என்றிருந்தேன். கொடுக்கப்போவதில்லை.

இன்னொன்று, கரண்டிகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் பட்ட இடம்தான் எங்களுடையதில் அதிகம் கறுத்திருந்தது. இப்போது பருத்தித் துணியில் தனித்தனியாகச் சுற்றி வைத்திருக்கிறேன். பாட்டியின் கரண்டி மட்டும் வெளியே, என் மேசையில்.